தீ அணைந்த பிறகும் சுடும் கண்ணாடி

கனடாவின் மார்க்கம், ஸ்கார்பரோ பக்கத்து வீடுகள் பலவற்றின் கூடத்தில் கேஸ் கணப்பு இருக்கிறது. ரிமோட்டை அழுத்தினால் செயற்கை விறகுகளுக்கு நடுவே சுடர் எழும். சாம்பல் அள்ளும் வேலை இல்லை. எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியே தள்ளும் வகை என்றால், அதன் முகப்பைக் காற்றுப் புகாமல் அடைத்திருப்பது ஒரு கண்ணாடி. குழந்தைகளைச் சுடுவது அந்தக் கண்ணாடிதான். தீயை அவர்களால் எட்டவே முடியாது.

எவ்வளவு சூடாகும்? செராமிக் கண்ணாடிக்குப் பழைய தர விதிகள் அனுமதித்த உச்சவரம்பு 720 டிகிரி செல்சியஸ். பதப்படுத்திய சாதாரணக் கண்ணாடிக்கு 260 டிகிரி. சில நிமிடங்களிலேயே நன்றாகச் சூடேறிவிடும். அணைத்த பிறகு தொடும் பதத்துக்கு ஆறச் சராசரியாக முக்கால் மணி நேரம் ஆகலாம். சுடர் போய்விட்டதால் ஆறிவிட்டது என்று பெரியவர்கள் நினைக்கும் அந்த முக்கால் மணி நேரம்தான் மிகவும் பொல்லாதது.

தத்தித் தத்தி நடக்கப் பழகும் குழந்தை விழப்போனால் எதிரே இருப்பதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு உள்ளங்கைகளும் கண்ணாடியில் பதியும். சட்டென்று பின்வாங்கும் வேகம் அந்த வயதில் கிடையாது, தோலும் மெல்லியது. 1999 முதல் சுமார் பத்தாண்டுகளில் அமெரிக்காவில் மட்டும் ஐந்து வயது வரையிலான 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிச் சுட்டுக்கொண்டதாக அரசு மதிப்பீடு சொல்கிறது. உள்ளங்கைக் காயம் ஆறும்போது தோல் இறுகி விரல்கள் மடங்கிப்போகலாம். பல மாதச் சிகிச்சை தேவைப்படும்.

இத்தகைய காயங்களுக்குப் பிறகுதான் தர விதி மாறியது. கண்ணாடி 78 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும் கணப்பு என்றால், 2015 ஜனவரி 1 முதல் தயாராகும் ஒவ்வொன்றோடும் தடுப்பு சேர்த்தே வர வேண்டும். பெரும்பாலும் அது கண்ணாடிக்குச் சற்று முன்னால் நிற்கும் மெல்லிய கம்பிவலை. வெப்பம் அதன் வழியே அறைக்கு வரும், கை மட்டும் கண்ணாடிக்குப் போகாது. வலையும் சூடாகும் என்றாலும் கண்ணாடி அளவுக்கு அல்ல. தீ அழகாகத் தெரியவில்லை என்று சிலர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். குழந்தை வந்துபோகும் வீட்டில் அப்படிச் செய்யவே கூடாது.

பழைய கணப்பு வைத்திருப்பவர்கள் அந்த மாடலுக்கான வலை கிடைக்குமா என்று தயாரிப்பாளரிடம் கேட்கலாம். கிடைக்காவிட்டால், சுவரோடு பொருத்தும் தடுப்பு வேலி கைகொடுக்கும். சில புதிய மாடல்களில் இரட்டைக் கண்ணாடி உண்டு. இடையே ஓடும் காற்று வெளிக்கண்ணாடியை அதிகம் சூடேறாமல் காக்கிறது. ரிமோட் குழந்தையின் கைக்கு எட்டக்கூடாது. தெர்மோஸ்டாட்டில் விட்டிருந்தால் யாரும் தொடாமலே கணப்பு எரியத் தொடங்கும் என்பதையும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டவேண்டும். ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். குழந்தையின் உள்ளங்கை என்றால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கண்ணாடியைத் துடைப்பது முழுக்க ஆறிய பிறகுதான், அதுவும் அம்மோனியா இல்லாத திரவத்தால். விரிசல் கண்டால் மாற்றும்வரை பற்றவைக்கக் கூடாது: அடைப்பு விட்டுப்போனால் கார்பன் மோனாக்சைடு கூடத்துக்குள் வரும்.