துரையின் பெயர் பிள்ளைக்கு வந்த கதை!

ஓசூர்ச் சந்தையில் சற்று நேரம் நின்று பாருங்கள். "முனியப்பா!", "கிருஷ்ணப்பா!", "நாராயணப்பா!" என்று யாராவது யாரையாவது கூப்பிடுவது காதில் விழும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லைச் சீமை அல்லவா? இங்கே பல பெயர்கள் 'அப்பா' என்றுதான் முடியும்.

இந்த 'அப்பா' ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. அப்படிப் பிறந்த பெயர்தான் 'மன்றோலப்பா'!

யார் இந்த மன்றோ?

சென்னைத் தீவுத்திடல் அருகே, சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமீது ஒருவர் அமர்ந்திருக்கிறாரே, அவர்தான். 1839-ம் ஆண்டில் வைத்த சிலை அது. அவருடைய முழுப் பெயர் சர் தாமஸ் மன்றோ.

அவர் 1761-ல் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரில் பிறந்தார். 'மன்றோ' என்பது அங்கே குடும்பப் பெயர். நம் பக்கத்துத் தெலுங்குக்காரர்களின் வீட்டுப் பெயர் போன்றது. அயர்லாந்தில் ரோ என்று ஓர் ஆறு உண்டு. அதன் கரையிலிருந்து தங்கள் முன்னோர் வந்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்லும் பழங்கதை. 

கிருஷ்ணகிரிச் சீமையில்

1792-ல் திப்பு சுல்தான் கும்பெனியோடு உடன்படிக்கை செய்தார். பாரமகால் கும்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதிகள் அதில் அடங்கும். ஓசூர் மட்டும் 1799 வரை திப்புவிடமே இருந்தது.

பாரமகாலில் வரி வசூலிக்க அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரியை அனுப்பினார்கள். அவருக்கு உதவியாளராக வந்தவர்களில் ஒருவர் மன்றோ. தர்மபுரியில் தங்கி, தோட்டம் போட்டு, ஏழு ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு வேறு ஊருக்கு மாற்றப்பட்டபோதும், அந்தத் தோட்டத்தை நினைத்து ஏங்கிக் கடிதம் எழுதினார்.

இங்கேதான் அவர் ஒரு பாடம் கற்றார். அதுவரை ஊர் வரியைக் குத்தகைக்கு எடுத்த இடைத்தரகன் குடியானவனைக் கசக்கிப் பிழிவான். ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்தார்கள். ஒவ்வொரு நிலத்துக்கும் வரி இன்னதென்று நிர்ணயித்தார்கள். உழுகிறவனே நேராகச் சர்க்காருக்குக் கட்டலாம் என்றார்கள். இதுதான் ரயத்துவாரி முறை. ரயத்து என்றால் குடியானவன்.

கால் பங்கு குறையுங்கள்!

1800-ல் மன்றோ கடப்பை, பெல்லாரிப் பகுதிகளுக்குக் கலெக்டராகப் போனார். கூடாரம் அடித்து, ஊர் ஊராகச் சுற்றினார். குடியானவர்களின் குறைகளை நேரில் கேட்டார்.

அவர் கும்பெனியின் ஊழியர்தான். கும்பெனிக்கு வேண்டியது பணம். வரியும் லேசானது அல்ல. ஆனால் அந்தச் சுமை அதிகம் என்பதை மறைக்காமல் எழுதியவரும் அவரே. "நிலவரியில் நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்க வேண்டும்" என்று 1807-ல் சிபாரிசு செய்தார். மேலிடம் கேட்கவில்லை. அவர் சீமைக்குப் போனதும் கிராமங்களைக் குத்தகைக்கு விட்டது.

1820-ல் அதே மன்றோ சென்னைக் கவர்னராகத் திரும்பி வந்தார். வரியும் குறைந்தது, ரயத்துவாரி முறையும் நிலைத்தது.

பதவியை விட்டு ஊர் திரும்பும் தறுவாயில், பழகிய மக்களைக் கடைசியாகப் பார்க்கப் புறப்பட்டார். வழியில் காலரா கண்டது. 1827-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, கர்நூல் பக்கத்துப் பத்திகொண்டாவில் உயிர் நீத்தார்.

அவர் பெயர் மட்டும் போகவில்லை. அந்தச் சீமையில் பெற்றோர் தங்கள் ஆண் குழந்தைகளுக்கு 'மன்றோலப்பா' என்று பெயர் சூட்டினார்கள். பிச்சைக்காரர்கள் அவர் புகழைப் பாடித் திரிந்தார்கள்.

அமெரிக்காவில் ஆண், பிறகு பெண்!

இதே பெயர் அமெரிக்காவில் 'மன்ரோ' என்று வழங்குகிறது. 1817 முதல் 1825 வரை ஜேம்ஸ் மன்ரோ அங்கே ஜனாதிபதி. அந்த நூற்றாண்டில் ஆண் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு வந்தார் நடிகை மர்லின் மன்ரோ. இப்போது பெண் குழந்தைகளுக்கும் அதை வைக்கிறார்கள்!

நம் தேனிப் பக்கத்திலும் இப்படி ஒரு பெயர் உண்டு. அது பென்னிகுயிக். 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த எஞ்சினீயரின் பெயர் அது. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றை உண்பவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சூட்டுகிறார்கள்.

சிலை வைப்பது சர்க்காரின் காரியம். பிள்ளைக்குப் பெயர் வைப்பது தாய் தகப்பனின் காரியம். அதை எந்த உத்தரவு போட்டும் வாங்க முடியாது. வயலில் தண்ணீர் பாய வேண்டும். இல்லை, வரியாவது குறைய வேண்டும்!