பன்றியைச் சுட்டால் கடலை தப்புமா?

"மூணு ஏக்கர்ல நிலக்கடலை போட்டேன். காய் முத்துற நேரத்துல ரெண்டே ராத்திரியில பன்றி உழுதுட்டுப் போயிடுச்சு. சுடலாம்னு அரசாங்கமே சொல்லிடுச்சாமே, நான் ஆள் வெச்சு சுடலாமா?" என்று திருவண்ணாமலை மாவட்டத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு போட்டவர்களும் இதையே வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிகிற விஷயமில்லை என்பதால் தனியாக எழுதுகிறேன்.

நேரடிப் பதில்: நீங்களாக ஆள் வைத்துச் சுடக்கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது இதுதான். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையினர். கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவரே உத்தரவு போட்டு, துப்பாக்கி உரிமம் உள்ளவரைக் கொண்டு சுட வைக்கலாம். அதே அதிகாரம் இங்கேயும் வேண்டும் என்று நம் விவசாயிகள் கேட்கிறார்கள். அங்கேயும் விஷம், வெடி, மின்சாரம் மூன்றுக்கும் தடைதான்.

சுடுவது சரியா என்ற சண்டை நம் ஊரோடு நிற்பதில்லை. 2016-ல் பீகாரில் பயிரை அழித்த நீலான்களை நூற்றுக்கணக்கில் சுட்டபோது, மத்திய அமைச்சர் மேனகா காந்தி கொதித்தெழுந்தார். மாநிலம் கேட்டது, அனுமதி கொடுத்தோம் என்றார் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜவடேகர். ஒரே அரசில் இருந்த இரண்டு பேருக்குள்ளேயே ஒத்துப்போகவில்லை.

விலங்கின் இடத்தை நாம்தான் பிடித்துக்கொண்டோம் என்பது விலங்கு ஆர்வலர்களின் வாதம். காட்டை ஒட்டிய ஊருக்கு அது ஓரளவு பொருந்தும். காட்டிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, ஏரிப் பாசனத்தில் மூன்று தலைமுறையாகக் கடலை போடுகிறவரிடம் அதைச் சொன்னால் எரிச்சல்தான் வரும். அங்கே பன்றி காட்டிலிருந்து வருவதே இல்லை. ஏரிக்குள் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலப் புதரில் படுத்து, அங்கேயே குட்டி போட்டு, இருட்டியதும் வயலுக்கு இறங்குகிறது.

அந்தப் புதரில் அதை மிரட்ட ஒன்றுமில்லை. புலி, சிறுத்தை, செந்நாய், ஓநாய் எல்லாம் பன்றிக்கு எதிரிகள். வெள்ளைக்காரன் காலத்தில் இவற்றைக் கொன்றால் அரசாங்கமே பரிசுப் பணம் கொடுத்தது. 1875 முதல் 1925 வரையிலான 50 ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பரிசுக்காகக் கொல்லப்பட்ட புலிகள் 80,000-க்கு மேல், சிறுத்தைகள் 1,50,000-க்கு மேல், ஓநாய்கள் சுமார் 2,00,000 என்று கணக்கு இருக்கிறது. ஆட்டுக்காரனுக்கு அன்று அது நியாயமாகத்தான் பட்டிருக்கும். நானும் அந்தக் காலத்தில் அலுவலராக இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டுப் பரிசைக் கொடுத்திருப்பேன். அதன் பலனைக் கடலைக்காரன் இன்று அனுபவிக்கிறான்.

என் கருத்தைக் கேட்டால், 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவதை நான் ஆதரிக்கிறேன். காரணம், சுடாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்திருக்கிறேன். பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைப் போட்டுவிடுகிறார்கள். அது பன்றி வாய்க்கு மட்டும் போவதில்லை. மாடு கடிக்கிறது, நாய் கடிக்கிறது, யானை கடிக்கிறது. வாய் கிழிந்த மாடு தீனி எடுக்க முடியாமல் நாள் கணக்கில் நின்று சாகும். பயிற்சி பெற்றவர் துப்பாக்கியால் சுடுவதில் அந்தக் கொடுமை இல்லை.

அதைவிட மோசம் திருட்டு மின்வேலி. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் பிழைத்துத் தாயைச் சுற்றிச் சுற்றி வந்தன. யானை செத்தால் செய்தியாகிறது. நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், நள்ளிரவில் மோட்டார் போடப் போன பக்கத்து வயல்காரர் பன்றிக்குப் போட்ட கம்பியில் விழுந்து இறந்தார். கம்பி போட்டவர் சிறைக்குப் போனார். இருவரும் பங்காளிகள். அன்று மாலைகூட ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

அதேசமயம், சுட்டால் பன்றி தீர்ந்துவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம். ஒரு பன்றி ஒரு ஈற்றுக்கு நாலு முதல் ஆறு குட்டி போடும். குட்டியும் ஓராண்டு முடிவதற்குள்ளேயே இனவிருத்திக்கு வந்துவிடும். கண்ணில் படுகிற பெரிய ஒத்தைப் பன்றி ஒன்றைச் சுட்டால் ஊருக்கு ஆறுதல், கூட்டத்துக்கு நஷ்டமில்லை. இன்னொன்று, கடலை 105, 110 நாள் பயிர். மனு, ஆய்வு, குழு என்று போய் அறுவடைக்குப் பிறகு துப்பாக்கி வந்து பயன் இல்லை. இந்தத் தாமதத்தை அரசு சரிசெய்ய வேண்டும்.

ஆகவே வேலி அவசியம். சூரிய மின்வேலியையும் திருட்டு மின்வேலியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். கம்பத்திலிருந்து கொக்கி போட்டு எடுக்கும் மின்சாரம் விடாமல் பாய்ந்து ஆளைக் கொல்லும். சூரிய மின்வேலி பேட்டரியில் ஓடுவது. வினாடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரம் மட்டும் அடிக்கும். பன்றி அலறி ஓடும், சாகாது. பன்றிக்கு வேலி கட்டும்போது கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது. போனால் மூக்கை நுழைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். கம்பியில் புல் உரசினால் மின்சாரம் மண்ணுக்குக் கசியும், எனவே அடிப்புல்லைச் செதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பழுது என்று சொல்லி என்னைக் கூப்பிட்டுக் காட்டிய வேலிகளில் பாதி, புல்லால்தான் வேலை செய்யவில்லை! தரச்சான்று பெற்ற கருவியையே வாங்குங்கள். காப்புக்காட்டுக்குப் பக்கத்து நிலம் என்றால் வனத்துறையில் கேட்டு அனுமதி பெற்ற பிறகே போடுங்கள்.

செலவு கட்டுப்படியாகாது என்பீர்கள். சதுரமான ஒரு ஏக்கரைச் சுற்ற ஏறக்குறைய 255 மீட்டர் வேலி வேண்டும். பத்து ஏக்கரை ஒரே சதுரமாகச் சுற்ற 805 மீட்டர் போதும், அதாவது ஏக்கருக்கு 80 மீட்டர்தான். அக்கம்பக்கத்தார் சேர்ந்து கட்டினால் செலவு மூன்றில் ஒரு பங்காகும். தனியாகக் கட்டினால் உங்கள் பன்றி வேலி இல்லாத பக்கத்து வயலுக்குப் போகும், அவ்வளவுதான். வேலிக்கான மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.

ஓரத்தில் நெருக்கமாக ஆமணக்கு விதைப்பது, பழைய சேலை கட்டுவது, முடி தூவுவது எல்லாம் சில நாள் கைகொடுக்கும்; பன்றி பழகிவிடும். போரேட் குருணையைப் பையில் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது 2020 இறுதியோடு தடை செய்யப்பட்ட மருந்து. ஆடு, மாடு, குழந்தைகளுக்கும் ஆபத்து.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்கள் நிலம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் முதலில் கேளுங்கள். 3-க்கு மேல் என்றால், பாதிக்கப்பட்ட எல்லோரும் கையெழுத்திட்டு வனச்சரக அலுவலகத்தில் ஒரே மனுவாகக் கொடுங்கள். ஏரிக்குள் இருக்கும் கருவேலத்தை அகற்றக் கோரி கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். இழப்பீட்டுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அடங்கல் நகல், கால்தடமும் கிளறிய பாத்திகளும் தெரிகிற புகைப்படம் வேண்டும். வனத்துறையும் எங்கள் துறையும் வந்து பார்க்கும்வரை வயலை உழுதுவிடாதீர்கள். மிச்சமிருக்கும் கடலையைப் பிடுங்கியே ஆக வேண்டுமென்றால், சேதமான பகுதியை மட்டும் தொடாமல் விட்டு வையுங்கள்.