நிலப்பட இடங்களின் குறிப்பிடத்தக்கமை

நிலப்பட இடங்களின் குறிப்பிடத்தக்கமை என்பது, நிலப்படத்திலோ இடப்பெயர்த் தரவுத்தளத்திலோ காணப்படும் ஓர் இடத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் தனிக் கட்டுரை தேவையா என்பதை முடிவுசெய்ய உதவும் அளவுகோல் ஆகும். இதில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன: அந்த இடம் உண்மையில் இருக்கிறதா? அதைப் பற்றி எழுத நம்பகமான செய்திகள் உள்ளனவா? ஒன்றுக்கு 'ஆம்' என்ற விடை கிடைத்தால் மற்றதற்கும் அதுவே விடையாக வேண்டும் என்பதில்லை.

நிலப்படம் ஏன் போதாது

நிலப்படம் ஒரு பெயரையும் அதன் அமைவிடத்தையும் தருகிறது. அந்தப் பெயர் எதற்கு உரியது என்பதைப் பல நேரங்களில் சொல்வதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் புவியியல் பெயர்கள் தகவல் முறைமை, பெருமளவில் அரசு நிலப்படங்களில் அச்சாகியிருந்த பெயர்களைக் கொண்டு தொகுக்கப்பட்டது. அதில் 'மக்கள் வாழிடம்' என வகைப்படுத்தப்பட்ட பெயர்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏராளமான குறுங்கட்டுரைகள் உருவாக்கப்பட்டன. பின்னர் பழைய நிலப்படங்களோடும் நாளிதழ்களோடும் ஒப்பிட்டபோது, அவற்றுள் பல ஊர்களே அல்ல எனத் தெரியவந்தது. சில, ரயில்கள் ஒதுங்கி நிற்பதற்கான துணைத் தண்டவாளங்கள். சில, தனியார் பண்ணைகள்.

ஈரானின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள 'ஆபாதி' என்ற அலகும் இத்தகைய குழப்பத்தைத் தந்தது. அது கிராமத்தைக் குறிக்கலாம். ஒரு பண்ணையையோ நீரிறைக்கும் இடத்தையோ கூடக் குறிக்கலாம். இந்தியக் கணக்கெடுப்பிலும் மக்கள் வசிக்காத வருவாய் கிராமங்கள் இடம்பெறுகின்றன. வருவாய் கிராமம் நில நிர்வாகத்துக்கான அலகு என்பதே இதற்குக் காரணம்.

இல்லாத இடங்கள்

நியூயார்க் மாநிலத்தின் 'ஆக்லோ' என்ற ஊர், ஜெனரல் டிராஃப்டிங் நிறுவனம் 1930களில் தன் நிலப்படத்தில் வேண்டுமென்றே சேர்த்த கற்பனைப் பெயர். தன் படத்தை நகலெடுப்போரைக் கண்டுபிடிப்பதே அதன் நோக்கம். பின்னர் படத்தில் இருந்த பெயரைப் பார்த்து, அதே இடத்தில் ஒரு கடைக்கு 'ஆக்லோ' என்று பெயர் வைக்கப்பட்டது.

பவளக் கடலில் நியூ கலிடோனியாவுக்கு அருகே காட்டப்பட்டு வந்த 'சாண்டி தீவு' மற்றோர் எடுத்துக்காட்டு. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று அங்கே சென்றபோது, தீவு இருக்க வேண்டிய இடத்தில் 1,300 மீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில் கடல் மட்டுமே இருந்தது.

இவ்விரண்டும் உண்மையான இடங்கள் அல்ல. ஆயினும் அவற்றின் கதை நூல்களிலும் செய்திகளிலும் விரிவாகப் பேசப்பட்டுள்ளதால், தனிக் கட்டுரைக்குத் தகுதி பெறுகின்றன. அவை கற்பனை இடங்கள் என்பதைக் கட்டுரையின் முதல் வரியே சொல்லிவிட வேண்டும்.

முடிவு செய்யும் முறை

1. பெயர் எதைக் குறிக்கிறது என்று அறிதல். வெவ்வேறு காலத்து நிலப்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிடலாம்.
2. சட்ட ஏற்பைப் பார்த்தல். ஊராட்சி, பேரூராட்சி போன்று அரசு ஏற்பு பெற்ற வாழிடங்கள் பொதுவாகத் தகுதியுடையவையாகக் கொள்ளப்படுகின்றன.
3. சார்பற்ற சான்றுகளைத் தேடுதல். மாவட்ட விவரச்சுவடி, கல்வெட்டுத் தொகுப்பு, உள்ளூர் வரலாற்று நூல், நாளிதழ்ச் செய்தி ஆகியவை உதவும். ஒன்றிலிருந்து மற்றொன்று நகலெடுத்த பத்து இணையத்தளங்கள் பத்துச் சான்றுகள் ஆகா.
4. எழுதப் போதிய செய்தி உண்டா எனக் காணுதல். பெயரும் ஆயத்தொலைவுகளும் மட்டுமே இருந்தால், அந்த ஒன்றியத்தின் அல்லது வட்டத்தின் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்து, வழிமாற்று அமைக்கலாம்.

தவறினால் நேர்வது

இல்லாத ஊருக்கு எழுதிய கட்டுரை கலைக்களஞ்சியத்தோடு நிற்பதில்லை. அதைப் பிற தளங்கள் எடுத்தாள்கின்றன. பிறகு அத்தளங்களே அந்தக் கட்டுரைக்குச் சான்றுகளாகக் காட்டப்படுகின்றன. ஒருமுறை தொடங்கிய இந்தச் சுழற்சியை நிறுத்துவது கடினம்.

மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக, தலைமுறைகளாக மக்கள் வாழும் ஒரு சிற்றூரை நீக்குவதும் பிழையே. அவ்வூரின் பெயர் அம்மக்களின் மொழியில் வந்த நூல்களிலும் ஆவணங்களிலும் பதிவாகியிருக்கலாம். பெயரின் வெவ்வேறு எழுத்து வடிவங்களைக் கொண்டு அவற்றிலும் தேடிய பின்னரே முடிவெடுப்பது முறையாகும்.