எட்டுக் கிலோ பழம், ஒரு கிலோ துண்டு

முற்றிய மாங்காயை ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் மூழ்கும், முற்றாதது மிதக்கும். பறிக்கிற பக்குவம் வந்துவிட்டதா என்று பார்க்கப் பல ரகங்களுக்கு இந்தச் சோதனை ஒத்துவரும். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துக்கொண்டால் முற்றிய காயின் அடர்த்தி 1.01, 1.02 என்ற அளவில் இருக்கும். நூற்றில் ஓரிரு பங்குதான் கூடுதல். பழத்தின் இனிப்பு அந்தச் சின்ன வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. காய் முற்ற முற்ற மரம் அதற்குள் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. மாவுச்சத்து தண்ணீரைவிடக் கனமானது, அதனால் காய் அடியில் போய் உட்காருகிறது. பறித்த பிறகு மரத்திலிருந்து துளி இனிப்புகூட வந்து சேராது. கையிருப்பில் உள்ள மாவுச்சத்துதான் பழுக்கும்போது சர்க்கரையாகும். இளங்காயாகப் பறித்ததை என்ன பாடுபட்டாலும் நன்றாக இனிக்க வைக்க முடியாது. எதையும் சேர்க்காமல் மாம்பழத்தை உலர்த்த நினைப்பவர் முதலில் முற்றிய காயைத் தேட வேண்டும். டிரையர் எல்லாம் அப்புறம்.

பறிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. காம்பை அடியோடு ஒடித்தால் பால் பீச்சியடிக்கும். மாவும் முந்திரியும் சேங்கொட்டையும் ஒரே குடும்பம்; முந்திரிக்கொட்டை எண்ணெய் கையைப் பொத்துப்போக வைக்கிற மாதிரி இந்தப் பாலும் பட்ட இடத்தைச் சுடும். பழத்தின் தோலையும் அது விடாது. கடையில் பழத்தின் மேல் கறுப்பாக வழிந்த கோடு தெரிந்தால் பெரும்பாலும் பால் சுட்ட தழும்புதான். அதனால் காம்பை நீளமாக விட்டுப் பறித்து, பிறகு காம்பை நறுக்கிக் காயைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாலை வடியவிடுகிறார்கள்.

அடுத்தது பழுக்கப் போடுவது. இங்கே வேலை செய்வது எத்திலீன் என்ற வாயு. இரண்டு கார்பன் அணு, நான்கு ஹைட்ரஜன் அணு, அவ்வளவுதான் அதன் உடம்பு. காய் முதலில் இதைத் துளியூண்டு வெளிவிடுகிறது. அந்த வாயு பட்டதும் காய் இன்னும் அதிகமாக எத்திலீனை உண்டாக்குகிறது. அது மேலும் அதிகமாக்குகிறது. ஒரு காயில் தொடங்கியது கூடை முழுக்கப் பரவுகிறது. வீட்டில் மாங்காயை அரிசி அண்டாவுக்குள் புதைத்து வைப்பதும், தோப்பில் வைக்கோல் போட்டு மூடுவதும் இந்த வாயு காற்றோடு போய்விடாமல் காய்களைச் சுற்றியே தங்க வைக்கிற வேலைதான். செடிகளை எத்திலீன் ஆட்டிவைக்கிறது என்று ரஷ்ய அறிஞர் திமித்ரி நெல்யுபோவ் 1901-இல் காட்டினார். பழமே அதை உண்டாக்குகிறது என்று ரிச்சர்ட் கேன் வேதியியல் முறையில் நிரூபித்தது 1934-இல். அரிசி அண்டாவுக்கு அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே விஷயம் தெரியும்.

இந்த வாயு கிளப்பிவிடும் வேலைகளைப் பாருங்கள். மாவுச்சத்து கிட்டத்தட்ட முழுவதும் சர்க்கரையாக உடைகிறது. புளிப்பு அமிலங்கள் குறைகின்றன. செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்த பெக்டின் என்ற பசை கரைந்து சதை குழைகிறது. தோலின் பச்சையம் சிதைய, மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உருவாகின்றன. இவை எல்லாம் சில நாட்களுக்குள், ஒரே தோலுக்குள், வெளியாள் உதவியே இல்லாமல் நடக்கின்றன.

‘கல் வைத்துப் பழுத்த பழம்’ என்று சந்தையில் சொல்வது இந்த வரிசை குலைந்த பழத்தை. கல் என்பது கால்சியம் கார்பைடு. காற்றின் ஈரம் பட்டால் அது அசெட்டிலீன் வாயுவை விடும். அசெட்டிலீன் எத்திலீனைப் போல நடித்தாலும் அதைவிட மிகவும் வலுக்குறைந்தது. அதனால் தோல் சீராக மஞ்சளாகிவிடும், உள்ளே சதை புளித்துக் கெட்டியாகவே கிடக்கும். கூடவே ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் வந்துசேரும் ஆபத்து உண்டு. இந்தியாவில் இப்படிப் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த 2016-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்தது. உச்சவரம்பு பத்து லட்சத்தில் நூறு பங்கு. பத்தடி நீளம், அகலம், உயரம் உள்ள அறைக்கு மூன்று லிட்டர் வாயுகூடத் தேவையில்லை. பழமே உண்டாக்குகிற அதே வாயு என்பதால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பழம் வாங்கும்போது நிறத்தை மட்டும் நம்பாமல் காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள். காம்பைச் சுற்றித் தோள் எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். தோள் எழும்பாத மஞ்சள் பழம் அவசரத்தில் பறிக்கப்பட்டது.

இனி உலர்த்தலுக்கு வருவோம். மாம்பழச் சதையில் சுமார் 83 விழுக்காடு தண்ணீர். நன்றாக உலர்ந்த துண்டில் 15 விழுக்காடு. கணக்குப் போட்டால் ஒரு கிலோ உலர் மாம்பழத்துக்கு ஐந்து கிலோ சதை வேண்டும். தோலும் கொட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய எட்டுக் கிலோ பழம். விலையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம். இதற்குள் இன்னொரு வியப்பும் ஒளிந்திருக்கிறது. தண்ணீர் போனாலும் சர்க்கரை போவதில்லை. புதுப் பழத்தில் நூற்றுக்குப் பதினான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்த சர்க்கரை, உலர்ந்த துண்டில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாது. ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று உறையில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் நீரிழிவு உள்ளவர் அதை நம்பிக் கைநிறைய அள்ளக் கூடாது.

அந்தச் சர்க்கரைதான் இங்கே காவல்காரன். துண்டில் இன்னும் 15 விழுக்காடு தண்ணீர் இருந்தும் அது கெடாமல் இருப்பது எப்படி? மீதித் தண்ணீரைச் சர்க்கரை கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. நுண்ணுயிரிகளுக்கு அது கிடைப்பதில்லை. உணவில் உள்ள தண்ணீரில் எவ்வளவு உயிர்களுக்கு எட்டும்படி இருக்கிறது என்பதற்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். தூய தண்ணீருக்கு அது 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே வளராது. 0.6-க்குக் கீழே எந்தப் பூஞ்சையும் வளராது. ஆஸ்திரேலிய அறிஞர் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1950-களில் இதைத் தெளிவாக்கினார்: ஒரு பண்டம் கெடுமா என்பதை அதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது தீர்மானிப்பதில்லை, அந்தத் தண்ணீர் எவ்வளவு கட்டுப்பட்டிருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. மாவடு ஜாடியில் உப்பு செய்யும் வேலையும் இதுவே. மாவடுவுக்கு உப்பை நாம் போடுகிறோம். பழுத்த பழம் தன் காவலைத் தானே கொண்டுவருகிறது.

தண்ணீரை வெளியே எடுப்பது சொல்வதுபோல் சுலபம் இல்லை. துண்டின் மேற்பரப்பு ஈரம் சீக்கிரம் பறந்துவிடும். நடுவில் உள்ள தண்ணீர் செல் செல்லாகத் தாண்டி விளிம்புக்கு வந்தாக வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆறு மில்லிமீட்டர் துண்டு காய ஒரு நாள் ஆனால், பன்னிரண்டு மில்லிமீட்டர் துண்டுக்கு நான்கு நாள். அதற்குள் அது புளித்துப்போகும். கத்தி பிடிப்பவர் கை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகினால் மறுநாள் தட்டில் பாதி காய்ந்தும் பாதி பிசுபிசுத்தும் கிடப்பது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: இந்தக் கணக்கை நம் ஊர்ப் பக்கத்துக் கைகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டன. ஆந்திரத்தின் கோதாவரிக் கரையில் ஆத்ரேயபுரம் என்ற ஊர் மாமிடி தாண்ட்ராவுக்குப் பெயர்போனது. அங்கே மாம்பழச் சாற்றைப் பாயில் மெல்லியதாகப் பூசி வெயிலில் காயவைத்து, அது காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பனம்பழக் களியைப் பாயில் பரப்பிப் பனாட்டு செய்வதும் இதே முறை. பத்து மில்லிமீட்டர் கனத்தை ஒரே தடவையில் ஊற்றினால் நேரம் நூறு பங்கு என்று வையுங்கள். ஒரு மில்லிமீட்டராகப் பத்து தடவை பூசினால் பத்து பங்குதான். கனமும் கிடைத்தது, நேரமும் மிஞ்சியது. சூத்திரம் எழுதாமல், பாயும் வெயிலும் மட்டும் வைத்துக்கொண்டு இதை எட்டியவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. தாண்ட்ராவில் வெல்லமோ சர்க்கரையோ சேர்ப்பவர்களும் உண்டு. சேர்மானம் வேண்டாதவர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

வெயிலும் காற்றும் தனிக்கதை. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் தேவை. நம் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளில் விழும் வெயில் சுமார் ஐந்து யூனிட். வெப்பத்துக்குப் பஞ்சமே இல்லை. சிக்கல் காற்றின் ஈரத்தில். 30 டிகிரி வெப்பத்தில் 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள கடற்கரைக் காற்று ஏற்கனவே பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. பழத்திலிருந்து வாங்கிக்கொள்ள அதனிடம் அதிக இடம் இல்லை. அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். ஈரப்பதம் 15 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரையும் எடுக்காமலே காற்று வறண்டுவிட்டது! சோலார் டிரையரின் சூட்சுமம் இவ்வளவுதான்: பழத்தைச் சுடுவதைவிடக் காற்றைச் சுடுவது முக்கியம். மூடிய பெட்டி என்றால் ஈயும் புழுதியும் வராது. நேர் வெயில் படாததால் மாம்பழத்துக்கு மஞ்சள் தரும் பீட்டா கரோட்டினும் அவ்வளவாக வெளுக்காது. ஆனால் சூட்டைக் கண்டபடி ஏற்றக் கூடாது. மேல்பரப்பு சட்டென்று காய்ந்து தோலாக இறுகிவிட்டால் உள் தண்ணீர் சிறைப்பட்டுவிடும். வெளியே காய்ந்த துண்டு, உள்ளே பச்சை. இரண்டு வாரத்தில் பூஞ்சை.

அடுத்து நிறம். எதுவும் சேர்க்காத துண்டு பழுப்பேறிய மஞ்சளாகத்தான் இருக்கும். அறுபட்ட செல்லில் உள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து பழுப்பைக் கொண்டுவருகிறது. வெப்பத்தில் சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து இன்னும் கொஞ்சம் ஏற்றுகின்றன. கந்தக டை ஆக்சைடு இரண்டு வழியையும் அடைத்துவிடும். மாதக்கணக்கில் பளபளக்கும் ஆரஞ்சு நிறத் துண்டுகளின் ரகசியம் பெரும்பாலும் அதுதான். பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவு கெடுதல் இல்லை. ஆஸ்துமா உள்ள சிலருக்கு மூச்சு முட்டும். உறையின் பின்பக்கம் 220, 223, 224 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பிலிப்பைன்ஸின் செபு தீவிலிருந்து வரும் புகழ்பெற்ற உலர் மாம்பழம் பொதுவாகச் சர்க்கரைப் பாகில் ஊறிய பிறகே டிரையருக்குப் போகிறது. அது மிட்டாய்க்கு நெருக்கமான இன்னொரு பண்டம். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோ வேறு வழியில் போனது. கடலே இல்லாத நாடு அது. அமெலி, புரூக்ஸ் என்ற ரகங்களை அறுத்து, பழத்தைத் தவிர எதுவும் சேர்க்காத துண்டுகளை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறது. பார்வைக்கு மங்கல்தான். வாயில் போட்டால் புளிப்பும் இனிப்பும் தனித்தனியாகத் தெரியும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பினால் நம் பருவமும் துணைநிற்கிறது. பங்கனப்பள்ளியும் செந்தூராவும் குவிகிற மே மாதத்தில்தான் கத்திரி வெயிலும் கொளுத்துகிறது. பழம் பழுத்திருக்க வேண்டும், குழையக் கூடாது. குழைந்தது தாண்ட்ராவுக்கு. துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி, இடையில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். பதம் பார்ப்பது விரல்தான்: மடித்தால் ஒடியாமல் வளைய வேண்டும், கிள்ளி அழுத்தினால் சாறு பொட்டாக எட்டிப்பார்க்கக் கூடாது. ஆறியதும் கண்ணாடி ஜாடியில் முக்கால் அளவுக்குப் போட்டு மூடி, ஒரு வாரம் தினமும் குலுக்குங்கள். அதிகம் காய்ந்த துண்டு, குறைவாகக் காய்ந்த துண்டிடமிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு எல்லாம் ஒரே பதத்துக்கு வரும். ஜாடிச் சுவரில் பனி பூத்தால் மறுபடி வெயிலுக்கு. வெயிலில் காயும்போது பூச்சி முட்டையிட்டிருக்கலாம் என்பதால், ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு முழு நாள் வைத்தெடுத்துவிட்டால் முட்டைகள் செத்துவிடும். அதற்குப் பிறகு காற்றுப்புகாத டப்பாவில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்; மழைக்காலத்தில் மூடியை அடிக்கடி திறக்காதீர்கள். இத்தனை நாள் வெளியேற்றிய ஈரத்தை அந்தச் சர்க்கரை காற்றிலிருந்தே திரும்ப இழுத்துக்கொள்ளும்.