கொக்கோடா மலைப்பாதையின் கணக்கு

உலகப் படத்தில் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே நியூகினி என்னும் பெருந்தீவைக் காணலாம். அதன் கிழக்குப் பாதியில் இருக்கும் நாடு பாப்புவா நியூகினி. நமது திருநெல்வேலி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே எவ்வளவு தொலைவோ, ஏறக்குறைய அவ்வளவு தொலைவு தெற்கே அந்நாட்டின் கொக்கோடா என்ற ஊர் உள்ளது. அங்கிருந்து ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைக் கடந்து, தலைநகர் போர்ட் மோர்ஸ்பியின் பக்கம் இறங்கும் ஒற்றையடிப் பாதைக்குக் கொக்கோடா பாதை என்று பெயர்.

பாதையின் நீளம் 96 கிலோமீட்டர். சமவெளியில் மூன்று நாள் நடை. ஆனால் இங்கு நடக்க வருவோரில் பெரும்பாலோர்க்கு ஆறு முதல் பத்து நாட்கள் ஆகின்றன. (2008இல் நடந்த ஓட்டப் போட்டியில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் 17 மணி நேரத்திற்குள் கடந்துவிட்டார். அவரை நம்மோடு ஒப்பிட வேண்டாம்!)

ஏன் இவ்வளவு தாமதம்? பாதையின் மிக உயர்ந்த இடம் 2,190 மீட்டர். நம் உதகமண்டலத்தின் உயரம்தான். ஆனால் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதோடு முடிவதில்லை. ஒரு முகட்டில் ஏறினால் உடனே ஆற்றுக்கு இறங்க வேண்டும்; மறுகரையில் மீண்டும் ஏற வேண்டும். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 5,000 மீட்டரைத் தாண்டும்.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 15 கிலோகிராம் மூட்டையுடன் ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் ஏறுவதாகக் கொள்வோம். அவர் செய்யும் வேலை 75 × 9.8 × 300, அதாவது 2,20,500 ஜூல். ஏறக்குறைய ஓர் இட்லி தரும் ஆற்றல்! இவ்வளவுதானா என்று எண்ணிவிடாதீர்கள். தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்குதான் வேலையாகிறது. முக்கால் பங்கு வெப்பமாகிறது. ஆகவே அந்த ஒரு மணியில் 6,60,000 ஜூல் வெப்பம் உடலைவிட்டு வெளியேறியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூலை எடுத்துச் செல்லும். 275 கிராம் ஆவியானால் போதும்.

ஆனால் மழைக்காட்டின் அடியில் காற்று அசைவதில்லை. அதில் ஏற்கனவே நீராவி நிறைந்திருக்கிறது. வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் நீர் போகிறதே தவிர வெப்பம் போவதில்லை. பகலில் இவ்வாறு வெந்தவர், ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6 டிகிரி குளிரும் முகட்டில், நனைந்த உடையோடு இரவில் நடுங்குவார்.

இனி வேறொரு கணக்கு. 1942 ஜூலையில் ஜப்பானியப் படை வடகரையில் இறங்கி, இப்பாதை வழியே போர்ட் மோர்ஸ்பியை நோக்கி வந்தது. எதிர்த்து நின்ற ஆஸ்திரேலியப் படைக்கு அரிசியும் குண்டும் மனித முதுகில்தான் போயாக வேண்டும். சுமையாட்களைத் திரட்டும் பொறுப்பு பெர்ட் கீன்சில் என்ற அதிகாரியிடம் வந்தது. அவர் கணக்கிட்டுப் பார்த்தார். உணவு மட்டுமே சுமந்தாலும், ஒருவர் தம் சுமையைத் தாமே 13 நாட்களில் உண்டு தீர்த்துவிடுவார். ஒரு வீரனுக்கும் அதில் பங்கு தந்தால் ஆறரை நாள்தான் வரும். பாதையைக் கடக்கவோ எட்டு நாள் வேண்டும்!

சுமையாட்களை அதிகமாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். போட்டுப் பாருங்கள். போவதற்கு எட்டு நாள். வெறுங்கையோடு ஐந்தே நாளில் திரும்பி விடுவதாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 13. மிச்சம் பூஜ்யம். ஆயிரம் பேரை அனுப்பினாலும் ஆயிரம் பூஜ்யங்கள்தாம்.

எனவே வானிலிருந்து போடுவதைத் தவிர வழியில்லை. மலை உச்சிக்கருகே ஏரி வற்றிய புல்வெளி ஒன்றை 1942 ஆகஸ்டில் கீன்சில் தேர்ந்தெடுத்து, மயோலா எனப் பெயரிட்டார். விமானங்கள் பாரசூட் இல்லாமலே மூட்டைகளைத் தள்ளின. 100 மீட்டரிலிருந்து விழும் பொருள், காற்றின் தடையை விட்டுவிட்டால், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். பல மூட்டைகள் சிதறின. பல காட்டுக்குள் விழுந்து தொலைந்தன. கிடைத்தவை படையைக் காத்தன. ஜப்பானியருக்கும் இதே கணக்குதான். போர்ட் மோர்ஸ்பியை நெருங்கிவிட்ட அவர்கள், செப்டம்பரில் உண்ண உணவின்றித் தவித்தனர். பின்வாங்க ஆணையும் வந்தது.

சுமையாட்களின் வேலை அதோடு முடியவில்லை. கம்பளியும் கம்பும் கொண்டு கட்டிய தூக்குப் படுக்கையில், ஒரு காயமுற்றவருக்கு எட்டுப் பேர் வீதம், இதே சரிவுகளில் சுமந்து இறங்கினர். அவர்களுள் பலர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். அதிகாரிகளின் பெயர்கள் புத்தகங்களில் உள்ளன. இவர்களில் பெரும்பாலோர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை என்பது எனக்கு வருத்தமே.

இன்று பாதையிலுள்ள எஃபோகி, மெனாரி ஆகிய ஊர்களில் சிறு விமானத் தளங்கள் இருக்கின்றன. நடைப்பயணிகளுக்கான அரிசியும் டின் உணவும் அங்கே முன்கூட்டியே வந்து இறங்குகின்றன.