வில்லிஸா, ஃபோர்டா, மகிந்திராவா? ஒரு ஜீப்பின் ஜாதகம்

ஒசூர் வட்டாரத்தில் பழைய ஜீப் வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வரும். "இது ஒரிஜினல் ஃபோர்டுங்க, நாற்பத்திரண்டு மாடல்" என்பார் ஒருவர். "அட போங்க சார், இது மகிந்திரா பாடி" என்பார் மற்றவர். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பாதைகளில் மூட்டை சுமந்த வண்டியை இன்றைக்கு பெங்களூரிலிருந்து ஆள் வந்து விலை கேட்கிறார்கள். அந்த விலையைத் தீர்மானிப்பது 'ஒரிஜினல்' என்கிற ஒரே சொல். அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்னு கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

1940-ல் அமெரிக்க ராணுவம் நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி கேட்டது. முதல் மாதிரியைச் செய்துகொடுத்தது வில்லிஸும் இல்லை, ஃபோர்டும் இல்லை. அமெரிக்கன் பேண்டம் என்கிற சிறிய கம்பெனி, 1940 செப்டம்பர் 23 அன்று அதை ஒப்படைத்தது. ராணுவம் அந்த வடிவமைப்பை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. கடைசியில் ஜெயித்தது வில்லிஸ். காரணம் அவர்களுடைய 60 குதிரைசக்தி 'கோ டெவில்' எஞ்சின். ஆனால் போருக்குத் தேவையான எண்ணிக்கையை வில்லிஸால் மட்டும் கொடுக்க முடியாது. அதனால் அதே வரைபடங்களை வைத்து ஃபோர்டும் தயாரித்தது. வில்லிஸ் செய்தது 'எம்.பி.', ஏறக்குறைய 3.6 லட்சம். ஃபோர்டு செய்தது 'ஜி.பி.டபிள்யூ.', ஏறக்குறைய 2.8 லட்சம். அந்தக் கடைசி 'டபிள்யூ' வில்லிஸ் வடிவமைப்பு என்பதைக் குறிக்கும்.

ராணுவத்தின் நிபந்தனை ஒன்று: இந்த வண்டியின் பாகம் அந்த வண்டியில் பொருந்த வேண்டும். எங்க பாஷையில் சொன்னால், ஒரே சோர்ஸ் கோடு, இரண்டு பில்டு. போர்க்களப் பட்டறையில் ஃபோர்டு எஞ்சினை வில்லிஸ் சேஸியில் மாட்டினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். வண்டி ஓடணும், அவ்வளவுதான். இன்றைய சண்டைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. ஜீப் கலந்துபோனது நம்ம ஊர் மெக்கானிக்கால் அல்ல. கலப்பதற்காகவே அது பிறந்தது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? டேஷ்போர்டில் இருக்கும் தகடை நம்பக் கூடாது. அதைப் புதிதாக அடித்து மாட்டுவது சுலபம். இரும்பைப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கீழே, சேஸியின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டம் வில்லிஸில் உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்துப்போட்ட 'ப' வடிவச் சட்டம். ஃபோர்டில் சேஸி எண் இடதுபக்கச் சட்டத்தின் மேலேயே 'ஜி.பி.டபிள்யூ.' என்ற முன்னெழுத்தோடு பொறிக்கப்பட்டிருக்கும். வில்லிஸில் அது தனித் தகடாக, முன் பம்பருக்குப் பின்னால் சட்டத்தின் உள்பக்கம் ரிவெட் அடித்திருக்கும். ஃபோர்டு தன் போல்ட்டு தலையில்கூட 'எஃப்' என்று முத்திரை குத்தியது.

முகத்துக்கும் ஒரு கதை உண்டு. வில்லிஸின் முதல் 25,000 வண்டிகளுக்கு முன் கிரில் இரும்புப் பட்டைகளை வெல்டு செய்தது. தகட்டை அழுத்தி ஒன்பது பிளவு வெட்டிய எளிய கிரில் ஃபோர்டின் யோசனை. அது மலிவாக இருந்ததால் பிறகு வில்லிஸும் அதையே எடுத்துக்கொண்டது. 1945-ல் பொதுமக்களுக்கு வந்த சிஜே-2ஏ மாடலில் ஹெட்லைட் பெரிதாகி, பிளவு ஏழாகக் குறைந்தது. ஜீப் பிராண்டின் அடையாளமாக இன்று எல்லோரும் சொல்லும் அந்த ஏழு பிளவுக்கு மூலம் போட்டி கம்பெனியின் ஒரு சிக்கன யோசனை!

இனி நம்ம ஊர்க் கதை. மகிந்திரா எந்த வருஷம் ஜீப் தொடங்கியது என்பதில் இரண்டு கட்சி உண்டு: 1947, 1949. இரண்டும் சரிதான். 1947-ல் 75 வண்டிகள் பாகங்களாகப் பிரித்த நிலையில் வில்லிஸிடமிருந்து வந்தன. பம்பாய் மஜகாவ் ஆலையில் முதல் ஜீப் உருவானது 1949-ல். ஒருவர் பெட்டி வந்த நாளை எண்ணுகிறார், மற்றவர் வண்டி வெளியே வந்த நாளை எண்ணுகிறார்.

அடுத்தது 'லோ பானட்', 'ஹை பானட்' விவகாரம். பழைய எஞ்சினில் வால்வு எல்லாம் சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே இருக்கும். அடுத்து வந்த 'ஹரிக்கேன்' எஞ்சினில் காற்று உள்ளே வரும் வால்வை ஹெட்டுக்கு மேலே ஏற்றினார்கள். சக்தி கூடியது, எஞ்சின் உயரமும் கூடியது. அது அடங்க பானட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. அதுதான் 1953-ல் வந்த சிஜே-3பி. அமெரிக்காவில் 1968-ல் நின்றுபோன இந்த உருவம் இங்கே பல பத்தாண்டு தொடர்ந்தது. ஆகவே பானட் உயரமாக இருந்தால், 'போர்க்கால வண்டி' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பானட் தாழ்வாக இருப்பதால் மட்டும் அது போர்க்கால வண்டி ஆகிவிடாது. ஹரியானாவின் மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் ஜீப் பாடி கட்டுவதே ஒரு தொழில். தகடு வளைக்கத் தெரிந்தவருக்கு ஒன்பது பிளவு வெட்டுவது பெரிய வேலையா என்ன?

இதெல்லாம் பொழுதுபோக்குச் சண்டைதானே என்று கேட்கலாம். 2021 ஜூலை வரை அப்படித்தான். அப்போது மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. வண்டிக்கு 50 வயது தாண்டியிருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். தேறினால் நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற தனி எழுத்து. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. ஆக, 'ஒரிஜினல்' என்பது இப்போது சட்டத்தின் சொல்லும்கூட.

எனக்கு உறுத்துவது இங்கேதான். பெட்ரோல் செலவு தாங்காமல் டீசல் எஞ்சின் மாற்றிய விவசாயிதான் பல ஜீப்புகளை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்தவர். துருப்பிடித்த தரையை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தவர், ஒசூர் லேத்தில் கியர் வெட்டி மாட்டியவர், எல்லோரும் அந்த வரிசையில்தான் வருகிறார்கள். அவர்கள் கைவைக்காவிட்டால் வண்டி என்றைக்கோ எடைக்குப் போயிருக்கும். கைவைத்ததால், விதிப்படி அது விண்டேஜ் ஆவது சந்தேகம். ஓடாமல் கொட்டகையில் கிடந்த வண்டிக்கே மரியாதை என்றாகிறது.

விதியை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் கேட்கும் கேள்வியை மாற்றலாம். "ஒரிஜினலா?" என்று ஒற்றைக் கேள்வி கேட்காதீர்கள். சேஸி யாருடையது, எஞ்சின் யாருடையது, பாடி யாருடையது என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். மூன்றுக்கும் வருஷத்தைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "ஃபோர்டு சேஸி, மகிந்திரா எஞ்சின், உள்ளூர் பாடி" என்று மறைக்காமல் சொல்கிற வண்டி, என் கணக்கில், பொய்த் தகடு மாட்டிய 'நாற்பத்திரண்டு மாடலை'விட மதிப்புள்ளது. முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து அந்தக் குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தை அப்புறம் புரட்டிக்கொள்ளலாம்.