யுங் விங்: உறுதிமொழி தர மறுத்த மாணவர்

உதவித்தொகை பெற்றுப் படிக்க வரும் இளைஞரிடம், படிப்பு முடிந்தபின் இன்ன ஊழியத்தையே செய்வேன் என்று எழுதி வாங்குவது தகுமா? சபைகளும் கல்லூரிகளும் நெடுங்காலமாக எதிர்நோக்கும் கேள்வி இது. தெரிவுக் குழுக்களில் அமர்ந்து அவ்வாறு எழுதி வாங்கியவர்களுள் நாமும் ஒருவர். ஆதலின், சீன தேசத்தவரான யுங் விங்கின் வரலாற்றை இவ்விடத்தில் ஆராய்வது பயனுடையதாகும்.

யுங் விங் 1828ஆம் ஆண்டில், தென்சீனத்தில் மக்காவ் நகருக்கு அருகிலுள்ள சிற்றூரொன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மிஷனெரியான குட்ஸ்லாஃபின் மனைவியார் மக்காவில் நடத்திய பள்ளியிலும், பின்னர் மாரிசன் நினைவாக நிறுவப்பட்ட பள்ளியிலும் கல்வி பயின்றார். இரண்டாம் பள்ளியின் தலைமையாசிரியர் அருள்திரு சாமுவேல் ராபின்ஸ் பிரவுன், 1847இல் தாய்நாடு திரும்பியபோது யுங் விங்கையும் வேறு இரு மாணவரையும் தம்முடன் அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள மான்சன் உயர்பள்ளியில் அவர்கள் சேர்க்கப்பட்டனர்.

யேல் கல்லூரியில் சேர யுங் விங் விரும்பியபோது பணமுடை குறுக்கிட்டது. மான்சன் பள்ளியின் பொறுப்பாளர்களிடம் ஏழை மாணவருக்கென ஒரு நிதி இருந்தது. அதைப் பெறுபவர், படிப்பு முடிந்தபின் மிஷனெரியாகப் பணியாற்றுவதாக உறுதிமொழி தரவேண்டும். யுங் விங் அதற்கு இணங்கவில்லை. அவர் கிறிஸ்தவ விசுவாசத்தை வெறுத்தவரல்லர். சீன தேசத்துக்கு மிகுந்த நன்மை எவ்வழியில் செய்யக்கூடுமோ அவ்வழியைத் தெரிந்துகொள்ளும் உரிமை தமக்கு வேண்டும் என்பதே அவர் கருத்து. பொறுப்பாளர்களையும் நாம் குறைகூறுவதற்கில்லை. கொடுத்தவர்களின் நோக்கத்தைக் காப்பது அவர்கள் கடமையன்றோ? முடிவில், பிரவுன் ஐயரின் முயற்சியால் ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரின் மாதர் சங்கம் ஒன்று உதவ முன்வந்தது. யுங் விங் கல்லூரியில் சிறு வேலைகளும் செய்து, 1854இல் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கல்லூரிப் பட்டம் பெற்ற முதல் சீனர் அவரே.

தாம் பெற்ற கல்வியைத் தம் நாட்டு இளைஞரும் பெறவேண்டும் என்பதே அவர் இலட்சியமாயிற்று. பல ஆண்டு முயற்சிக்குப்பின் சீன அரசு இணங்கியது. 1872 முதல் 1875 வரை, ஆண்டுக்கு முப்பதின்மராக 120 சிறுவர்கள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபர்டு நகரம் இத்திட்டத்தின் தலைமையிடமாயிற்று. மாணவர்கள் சுற்றுப்புறக் குடும்பங்களில் தங்கிப் படித்தனர். அந்நகரத்துப் போதகர் ஜோசப் ட்விச்செல் யுங் விங்கின் உற்ற நண்பரானார்.

1874இல் பெரு நாட்டில் சீனக் கூலியாட்கள் படும் பாட்டை விசாரிக்க யுங் விங் அனுப்பப்பட்டபோது, ட்விச்செலும் உடன் சென்றார். சாட்டையடிபட்ட முதுகுகளை யுங் விங் நிழற்படமெடுத்து, தம் அறிக்கைக்குச் சான்றாக்கினார். பின்னர் அவர் வாஷிங்டனில் சீன அரசின் இணைத் தூதராகவும் பணியாற்றினார். உறுதிமொழியில் கையெழுத்திட்டிருந்தால், ஒடுக்கப்பட்டோருக்காகப் பேசும் இவ்வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் வேறொரு கட்டு அவரைத் தொடர்ந்தது. மாணவர்கள் சீனக் கல்வியைப் புறக்கணிக்கின்றனர், ஆலயத்துக்குச் செல்கின்றனர், சிலர் சடையையும் கத்தரித்துக்கொண்டனர் என்று சீன அதிகாரிகள் முறையிட்டனர். அமெரிக்க அரசோ, தன் தரைப்படை, கடற்படைக் கல்லூரிகளில் சீன மாணவருக்கு இடமளிக்க மறுத்தது. ட்விச்செலும் எழுத்தாளர் மார்க் ட்வெயினும் முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்டை அணுகி ஆதரவு தேடியும், 1881இல் மாணவர்கள் திருப்பி அழைக்கப்பட்டனர். பெரும்பாலோர் பட்டம் பெறாமலே திரும்பினர். யுங் விங்குக்கு 1852இல் அளிக்கப்பட்ட அமெரிக்கக் குடியுரிமையும் 1898இல் மறுக்கப்பட்டது. 1912இல் அவர் ஹார்ட்ஃபர்டிலேயே மரித்தார்.

எனினும் விதை வீணாகவில்லை. திரும்பிய மாணவருள் சான் தியன்யூ, பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோவுக்கு 1909இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதையை அமைத்தார். தாங் ஷாவ்யி, 1912இல் சீனக் குடியரசின் முதல் பிரதம மந்திரியானார்.

மான்சன் பொறுப்பாளரும் சீன அதிகாரிகளும் நோக்கத்தில் வேறுபட்டவர்கள். ஆயினும் இருசாராரும், தாம் கொடுத்த கல்வி தாம் வரைந்த எல்லைக்குள்ளேயே கனிதர வேண்டுமென எதிர்பார்த்தனர். கல்வியோ மனிதனை மாற்றுவது. மாற்றாவிடில் அது கல்வியன்று. பவுல் கொரிந்துவில் தமக்குரிய ஆதரவையும் பெறாமல் தம் சுயாதீனத்தைக் காத்தார் என்பதை (1 கொரிந்தியர் 9) இங்கு நினைவுகூர்வது நலம்.

போதகர் பயிற்சிக்கென ஏழைச் சபையார் கொடுத்த காணிக்கையை நாம் பொறுப்பின்றிச் செலவிடலாகாது என்பது உண்மையே. நோக்கத்தை மாணவரிடம் தெளிவாகச் சொல்வோம். அவர் மனதையும் கேட்டறிவோம். ஆனால் இருபது வயது இளைஞரின் நாளைய அழைப்பை இன்றே காகிதத்தில் கட்டிவைக்க நமக்கு அதிகாரமில்லை. அழைக்கிறவர் நாமல்ல. சவானாவின் மாதர் எந்த வாக்குறுதியும் பெறாமல் கொடுத்தனர். அவர்கள் கொடையின் பலனை 120 சிறுவர்கள் கண்டனர். அடுத்த முறை படிவத்தை மாணவர் முன் நீட்டுமுன் இதனை நாம் சிந்திப்போமாக.